கேரட் அல்வா: சர்க்கரை போட்டதும் நீர்த்துப் போகுது, பாலும் திரியுது. எங்கே தப்பு?

தாளிதம் கேட்டது:

வணக்கம். அடுத்த ஞாயிறு வீட்டு விசேஷத்துக்குக் கேரட் அல்வா செய்யணும். ஒத்திகையா 1 கிலோ போட்டுப் பார்த்ததில் நாலு இடத்தில் உதைக்குது.

அளவு: ஊட்டி கேரட் 1 கிலோ, ஆவின் பச்சை பாக்கெட் பால் 1 லிட்டர், சர்க்கரை 300 கிராம், நெய் 50 கிராம். பாத்திரம் 22 செ.மீ. வாய் உள்ள இண்டாலியம் கடாய். துருவியில் பொடிக்கண் பக்கம்தான் துருவினது. நெய்யில் 3 நிமிஷம் வதக்கி, பாலையும் சர்க்கரையையும் ஒண்ணா ஊற்றிக் கொதிக்க விட்டேன். பால் பாக்கெட் காலையில் வாங்கினது, சமைச்சது சாயங்காலம். இடையில் ஃப்ரிட்ஜில் வைக்கலை.

வந்த வினை: (1) பால் திரிஞ்சு வெள்ளை வெள்ளையாக் கட்டி. (2) ஒரு மணி நேரம் கிளறியும் அடியில் பாகு மாதிரி தண்ணி நிக்குது. (3) பொடியாத் துருவியும் கேரட் வாயில் சவக் சவக்னு இருக்கு. (4) நிறம் பழுப்பு. வடக்கே கடையில் கிடைக்கிறது செக்கச்செவேல்னு இருக்கே, அது கலர்ப்பொடியா? கடைசியா ரெண்டு ஸ்பூன் சோளமாவு கரைச்சு ஊத்தினா இறுகிடும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

---

உருளி எழுதியது:

சோளமாவு வேண்டாம். ஊத்தினா கஞ்சி போட்ட கேரட் பொரியல்தான் கிடைக்கும். திருநெல்வேலி அல்வாவை மனசில் வச்சுக்கிட்டு இதைக் கிளறுறதாலதான் இந்த யோசனையே வருது. அது சம்பா கோதுமைப் பால். மாவுச்சத்து வெந்து இறுகும், கையில் வழுக்கும். கேரட்டில் அப்படி இறுகுறதுக்கு ஒண்ணும் இல்லை. இது தண்ணியை வத்த வச்சுப் பதம் பார்க்கிற பண்டம். துருவல் துருவலா உதிரவும் கூடாது, ஒரே உருண்டையாத் திரளவும் கூடாது. கரண்டியில் அள்ளினா மெத்துனு நிக்கணும், அவ்வளவுதான்.

முதல்ல தண்ணிக் கணக்கு. கேரட்டில் நூத்துக்கு 88 பங்கு தண்ணி. 1 கிலோ துருவலில் மட்டும் 880 கிராம். 1 லிட்டர் பாலில் இன்னொரு 870 கிராம் பக்கம். ஆக ஒண்ணே முக்கால் கிலோ தண்ணி சட்டிக்குள்ள இருக்கு. அல்வாவில் மிஞ்ச வேண்டியது 300 கிராம்தான். மீதி கிட்டத்தட்ட 1.4 கிலோ ஆவியாப் போகணும். 22 செ.மீ. கடாயில் அது போக வழியே இல்லை, குழியில் கிடந்து வேகும். 28 செ.மீ.க்குக் குறையாத, அடிகனமான அகல உருளியோ நான்ஸ்டிக்கோ எடுங்க. இரும்பு வாணலி வேண்டாம், பாலும் கேரட்டும் சேர்ந்து கருத்துப்போகும்.

ரெண்டாவது தப்பு சர்க்கரை போட்ட நேரம். சவக் சவக்குக்கும் பாகுத் தண்ணிக்கும் பழுப்புக்கும் காரணம் அந்த ஒரே இடம்தான். கேரட் வேகும் முன்னே சர்க்கரை விழுந்தா துருவலுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியே இழுக்கும், துருவல் சுருங்கித் தோல் மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் கொதிச்சாலும் முழுசாக் குழையாது. இன்னொரு பக்கம், சர்க்கரையும் பாலும் சேர்ந்து ஒரு மணி நேரம் கொதிச்சா பழுப்பு ஏறத்தான் செய்யும். திரட்டுப்பாலில் வேணும்னே வரவழைக்கிற நிறம் அது. இங்கே வேண்டாத விருந்தாளி.

செய்ய வேண்டிய வரிசை இது. பெரிய கண் துருவியில் துருவின கேரட் 1 கிலோ. (தோல் சீவி, காம்பு வெட்டின பிறகு நிறுத்து 1 கிலோ, வாங்கும்போது 1,150 கிராமாவது வாங்கணும்.) 50 கிராம் நெய்யில் நடுத்தரத் தீயில் 10 நிமிஷம் வதக்குங்க. 3 நிமிஷம் பத்தாது. துருவல் பாதியாச் சுருங்கி, நெய் ஆரஞ்சா மாறி, பச்சை வாடை போய் இனிப்பா ஒரு வாசனை வரும். அதுவரை பால் பக்கம் போகாதீங்க. பிறகு தனியா ஒரு கொதி வந்த சூடான பால் 1 லிட்டர், ஆரஞ்சு பாக்கெட். அதில் கொழுப்பு 6%, பச்சையில் 4.5%. அந்த வித்தியாசம் கடைசியில் நாக்கில் தெரியும். முதல் அரை மணி நேரம் தீ கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கிளறு போதும். ஓரத்தில் ஒட்டுற ஏட்டை ஒவ்வொரு தடவையும் சுரண்டி உள்ளே தள்ளுங்க. அதுதான் கோவா, விட்டா தீய்ஞ்சு கருப்புப் பொட்டா வந்து விழும். பால் பாதிக்கு மேல் வத்தினதும் தீயைக் குறைச்சு, கையெடுக்காமக் கிளறணும்.

கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்க. கோட்டுக்குள்ள பால் ஓடி வந்து மூடினா இன்னும் நேரம் இருக்கு. கோடு அப்படியே நின்னா, அப்போதான் சர்க்கரை. 300 கிராம் அதிகம், ஊட்டி கேரட்டுக்கு 200 போதும். போட்டதும் மறுபடி நீர்த்துப் போகும், பயப்பட வேண்டாம், சர்க்கரை கரைஞ்சு துருவலில் மிச்சமிருந்த தண்ணியையும் இழுக்குது. 10-12 நிமிஷத்தில் மறுபடி சுருளும். அப்போ 30 கிராம் நெய், ஒரு சிட்டிகை உப்பு. இன்னும் 4-5 நிமிஷம், ஓரத்தில் நெய் கக்கி, சட்டியில் ஒட்டாம ஒரு பக்கமா நகரும்போது அணைச்சிட்டு ஏலப்பொடி அரை டீஸ்பூன். வறுத்த முந்திரி, திராட்சை 40 கிராம்.

கண்திட்டம் வராதவங்களுக்கு ஒரு வழி: தராசு. காலிச் சட்டியைக் கரண்டியோட நிறுத்து எழுதி வச்சுக்குங்க. இந்த அளவுக்குச் சர்க்கரை போடுறதுக்கு முந்தி சட்டிக்குள்ள 700 கிராம் பக்கம் இருக்கணும். எல்லாம் சேர்த்து இறக்கும்போது 900-லிருந்து 950. ஆறும்போது இன்னும் கொஞ்சம் ஆவி போய் இறுகும். அடுப்பிலேயே 850-க்குக் கொண்டுபோனா மறுநாள் கட்டி, கரண்டி இறங்காது. சூட்டில் "இன்னும் கொஞ்சம் இளகலா இருக்கே"னு தோணும்போதே இறக்குறதுதான் சரி.

---

மலைக்காய் எழுதியது:

நிறத்தைப் பற்றி. கலர்ப்பொடி போடும் கடைகளும் உண்டு, ஆனால் செக்கச்செவேல் நிறம் கேரட்டின் சொந்த நிறமாகவே இருக்கலாம். பஞ்சாப், டெல்லி, உத்தரப் பிரதேசம் பக்கம் 'காஜர் கா அல்வா' குளிர்காலப் பண்டம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வரும் நாட்டுக் கேரட் நீளமானது, சிவப்பு. அதில் இருப்பது தக்காளியைச் சிவப்பாக்கும் அதே லைகோபீன். நம் ஊட்டி கேரட் குளிர்நாட்டு ஆரஞ்சு வகை, அதில் பீட்டா கரோட்டின் தூக்கல். எப்படிக் கிளறினாலும் ஊட்டி கேரட்டில் ஆரஞ்சு அல்வாதான் வரும். அது குறையல்ல. சிவப்பே வேண்டும் என்றால், டிசம்பர், ஜனவரியில் சென்னை, கோவை போன்ற ஊர்களில் சில கடைகளில் 'டெல்லி கேரட்' என்று வரும், அதை வாங்குங்கள். அதற்குச் சர்க்கரை 160 கிராம் போதும், தண்ணீர் சற்று அதிகம், நடுத்தண்டு மஞ்சளாகத் தடித்திருந்தால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட வேண்டும். லக்னோவில் இன்னொன்று உண்டு: கருங்கேரட் அல்வா. அந்தச் சாயம் தண்ணீரில் கரையும் வகை, பாலைக் கத்திரிப்பூ நிறமாக்கிவிடும். ருசி தெரிந்தவர்கள் அதைத் தேடிப் போய் வாங்குவார்கள்.

ஊட்டி கேரட்டில் கவனிக்க வேண்டியது வேறு. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருவதில் பெரும்பகுதி இயந்திரத்தில் கழுவித் தேய்த்தது, பார்க்கப் பளபளப்பு. தோல் ஏற்கெனவே தேய்ந்திருப்பதால் சீக்கிரம் வாடும். உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் அல்வாவுக்கு ஆகாது. நடுத்தர அளவுக் காய்களாகப் பொறுக்குங்கள். உலக்கை மாதிரித் தடித்ததில் நடுத்தண்டு நாராக இருக்கும், வேகவும் வேகாது. காம்படியில் பச்சை ஏறியிருந்தால் அந்தப் பாகம் கசக்கும், ஒரு விரற்கடை தாராளமாக வெட்டித் தள்ளுங்கள்.

காம்பை வெட்டியும் கசப்பு வந்தால், பையில் அதன் அருகே என்ன இருந்தது என்று பாருங்கள். ஆப்பிள், பழுத்த வாழை, மாம்பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசப்புப் பொருள் ஒன்றை உண்டாக்கும். அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையும் மூடாது. ஃப்ரிட்ஜில் பழத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பொடிக்கண் துருவல் பற்றி 'உருளி' சொன்னதோடு ஒன்று: பொடியாகத் துருவினால் சாறு கையிலேயே வடியும், வதக்கும்போது கூழாகும். மிக்சியில் ஒரு சுற்று விட்டு எடுப்பதும் அதே கதை. துருவின பிறகு சாற்றைப் பிழிந்து கொட்டுபவர்களும் உண்டு, சீக்கிரம் சுருளும் என்று. சுருளும்தான், ஆனால் இனிப்பும் மணமும் அந்தச் சாற்றோடு தொட்டிக்குள் போயிருக்கும்.

---

சீனிப்பாகு எழுதியது:

பால் திரிந்ததை எல்லோரும் குற்றம் மாதிரியே பேசுறீங்க. பாதிதான் குற்றம்.

திரிதல்ல ரெண்டு வகை. காலையில் வாங்கி வெளியே கிடந்த பால் சாயங்காலம் லேசாப் புளிச்சிருக்கும், மூக்குக்குத் தெரியாது. நல்ல பாலின் பி.எச். (புளிப்பைச் சொல்ற எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.6, 6.7. கேரட் அதைவிடப் புளிப்பு, 6-ஐ ஒட்டி. ஏற்கெனவே விளிம்புல நிக்கிற பாலை, சரியா வதங்காத கேரட் மேல ஊத்திக் கொதிக்க விட்டா படார்னு திரியும். கட்டி ரப்பர் மாதிரி, தண்ணி தனி. தாளிதத்துக்கு நடந்தது இது. பாலைத் தனியாக் காய்ச்சிப் பாருங்கன்னு உருளி சொன்னதோட அர்த்தமும் இதுதான், திரியுற பாலா இருந்தா அந்தப் பாத்திரத்தோட போகட்டும், கேரட் தப்பிக்கும்.

இன்னொண்ணு, நல்ல பால்லயே வத்தும்போது கடைசியா வர்ற மணல் மணலான திரிதல். வடக்கத்தி மிட்டாய்க்காரங்க இதை 'தானேதார்'னு சொல்லி விரும்பி எடுப்பாங்க. கலாகந்துக்குச் சிட்ரிக் ஆசிட்டோ படிகாரமோ போட்டு வேணும்னே திரிய வைக்கிறதும் இந்த மணலுக்குத்தான். அது வந்தா கொட்டாதீங்க, நசுக்கிக் கிளறுங்க, சுருண்டதும் கோவா மாதிரியே கலந்துடும்.

பாலே வேண்டாம்னா கோவா முறை இருக்கு. கேரட் 1 கிலோவை 40 கிராம் நெய்ல 5 நிமிஷம் பிரட்டி மூடி வைங்க, தன் தண்ணியிலேயே 12-15 நிமிஷத்துல குழைஞ்சிடும். மூடியைத் திறந்து ஈரம் போக வதக்குங்க. சீனி 200 கிராம் போட்டு மறுபடி ஈரம் போக விடுங்க. 35 கிராம் நெய், கடைசி 5 நிமிஷத்துல இனிப்பில்லாத கோவா 200 கிராம் உதிர்த்துப் போட்டு இறக்குங்க. 1 லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால் சுண்டினா ஏறக்குறைய அதே 200 கிராம் கோவாதான், அதனால அளவு மாறாது. மொத்தம் 40-45 நிமிஷம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா போடப் போறீங்கன்னா அதுல சீனி ஏற்கெனவே இருக்கு, ருசி பார்த்து சீனியைக் குறைங்க. மில்க்மெய்ட்னா 200 கிராம்ல சேர்த்த சீனி மட்டும் 90 கிராம் அளவுக்கு இருக்கும், அதைக் கழிச்சுக்கணும். இதைக் கழிக்காமப் போட்டுத்தான் பாதி வீட்டுல அல்வா தொண்டையைக் கட்டுது.

---

உருளி எழுதியது:

கோவா முறை வேகமானதுதான், மறுக்கலை. ஆனா ருசி ஒண்ணில்லை. பாலில் ஒரு மணி நேரம் வெந்த துருவலைக் கடிச்சா உள்ளேயே பால் இருக்கும். கோவா போட்டதில் கேரட் தனியா, கோவா தனியா நாக்குக்குத் தெரியும். கடையில் வாங்கும் கோவாவை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்ச்சுப் பாருங்க. நெய்ப் பிசுக்கு ஒட்டணும், புளிச்ச வாடை இருக்கக் கூடாது. மாவு மாதிரி வறண்டு உருண்டா அந்தக் கடையை விட்டு நகர்ந்திடுங்க.

குக்கர் பத்தியும் யாராவது கேட்பாங்க: பாலோட விசில் விடாதீங்க, பொங்கி வால்வை அடைக்கும். துருவலை மட்டும் கால் கப் தண்ணியோட ஒரு விசில் விட்டு, ஆவி அடங்கினதும் திறந்து வத்த வைக்கலாம். நேரம் மிச்சம். ஆனா துருவல் உருவம் போய்க் கொஞ்சம் மசியலாத்தான் இருக்கும்.

---

தாளிதம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பால், பாத்திரம், சர்க்கரை நேரம், மூணுமே என் பக்கத் தப்புதான்னு புரிஞ்சுது. இன்னும் ரெண்டு சந்தேகம். ஞாயிறு 40 பேர். 3 கிலோ கேரட் போட்டா போதுமா, ஒரே அண்டாவில் 3 லிட்டர் பால் ஊத்தலாமா? சனிக்கிழமையே செஞ்சு வைக்க முடியுமா? வெல்லம் போட்டு ஒரு சின்ன அளவு தனியா வேணும்னு ஒருத்தர் கேட்கிறார், அதுக்கும் பால் திரியுமா?

---

பந்திக்கரண்டி எழுதியது:

3 கிலோ துருவலுக்கு 2.6-லிருந்து 2.8 கிலோ அல்வா நிக்கும். 40 பேருக்கு ஆளுக்கு 65 கிராம் விழும், இலையில் மற்ற இனிப்பும் இருந்தால் தாராளம். இது ஒன்றுதான் இனிப்பு என்றால் 4 கிலோ போடுங்கள். தோல், காம்பு போக 3 கிலோ துருவல் வர 3.5 கிலோ வாங்க வேண்டும்.

ஒரே அண்டாவில் மூன்று மடங்கு போடாதீர்கள். பொருள் மூன்று மடங்கானாலும் ஆவி போகும் வாய் மூன்று மடங்காகாது, வீட்டு அடுப்பின் தீயும் அதே தீதான். மேலே கொதிப்பு ஏறுவதற்குள் அடியில் பிடித்துவிடும். பாலை முழுசாக ஊற்றினால் மூன்று மணி நேரம் ஓடும், கை ஓய்ந்துவிடும். இரண்டு உருளி, இரண்டு அடுப்பு. ஒவ்வொன்றிலும் துருவல் 1.5 கிலோ, ஆரஞ்சு பாக்கெட் பால் 750 மி.லி., சர்க்கரை 300 கிராம், நெய் 110 கிராம், கடைசியில் இனிப்பில்லாத கோவா 150 கிராம். பால் ருசியும் வரும், வற்ற வேண்டிய தண்ணீரும் குறையும். இரண்டு உருளியையும் கால் மணி நேர இடைவெளியில் ஏற்றுங்கள், சுருளும் நேரம் இரண்டிலும் ஒன்றாக வந்தால் ஒற்றை ஆளால் ஆகாது.

சனிக்கிழமை செய்யலாம், ஆனால் முடிக்க வேண்டாம். சர்க்கரை போடும் கட்டத்துக்கு முன்பு வரை கொண்டுவந்து, அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுவில் சூடு விடாமல் நின்று புளித்துவிடும், பால் பண்டம். ஞாயிறு காலை உருளியில் நெய் விட்டு இதைச் சூடாக்கிச் சர்க்கரை, பிறகு கோவா. 25 நிமிஷ வேலை. துருவலை மட்டும் பச்சையாக முந்தின நாளே துருவி வைப்பது உதவாது, ஓரம் வறண்டு மணம் போயிருக்கும். சீவின முழுக் காயாக ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.

முந்திரியைப் பரிமாறும் முன்தான் போட வேண்டும். முந்தியே கலந்தால் ஊறி நமுத்துப்போகும்.

வெல்லம்: கொதிக்கும் பாலில் விழுந்தால் திரியும், கோவாவிலும் சில சமயம் மணல் தட்டும். தேங்காய்ப்பால் வழியில் போங்கள். அரைக் கிலோ துருவலை 40 கிராம் நெய்யில் வதக்கி, மூடிப் போட்டு வேக விட்டு ஈரம் வற்றச் செய்யுங்கள். 125 கிராம் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி (மண் நிச்சயம் இருக்கும்) ஊற்றிச் சுருள வதக்குங்கள். தீயைத் தணித்துக் கெட்டித் தேங்காய்ப்பால் 75 மி.லி. ஊற்றிக் கிளறி, கொதி வரும் முன் இறக்கிவிடுங்கள். நிறம் பழுப்பாகத்தான் இருக்கும், அதில் கேரட்டின் சிவப்பைத் தேட முடியாது. ஏலத்தோடு ஒரு சிட்டிகைச் சுக்குப்பொடி சேர்த்தால் வெல்லத்துக்குப் பொருந்தும். கருப்பட்டி வேண்டாம், கேரட் இருந்த இடம் தெரியாமல் அடித்துவிடும்.

---

தாளிதம் எழுதியது:

இன்னிக்கு 28 செ.மீ. உருளியில் அரைக் கிலோ போட்டுப் பார்த்தாச்சு. சர்க்கரைக்கு முந்தி 355 கிராம், இறக்கும்போது 465. கோடு நின்ன பிறகுதான் சர்க்கரை. நீர்த்து, ஏழெட்டு நிமிஷத்தில் சுருண்டுடுச்சு, துருவல் குழைஞ்சிருக்கு. மிச்சம் இருந்தா எத்தனை நாள் தாங்கும்?

---

பந்திக்கரண்டி எழுதியது:

ஃப்ரிட்ஜில் 4 நாள், ஈரக் கரண்டி படாமல். ஃப்ரீசரில் ஒரு மாதம், ஒரு வேளைக்கு எடுக்கும் அளவாகப் பிரித்து வையுங்கள். சூடாக்கும்போது 200 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி பால் தெளித்து, சின்னத் தீயில் மூடி 3 நிமிஷம், பிறகு ஒரு பிரட்டு. மைக்ரோவேவில் மூடாமல் வைத்தால் ஓரம் சூயிங்கம் மாதிரி இழுக்கும்.